பொட்டி தட்டுறவனும் பதினேழாம் நம்பர் பொட்டியும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. பொட்டி தட்டுறவன் தன் ஆணியைப் பத்தி எழுதினா எவன் படிப்பான்னு ஒரு தயக்கம். அதை விடப் பெரிய தயக்கம், இதுல தப்பு பண்ணினது நான். ஊரான் தப்பை எழுதுறது சுலபம், நம்ம தப்புன்னு வரும்போது கீபோர்டு நகராது :-)

கோவில்பட்டி வட்டாரத்துல ஒரு கல்லூரியில கணினிகளைப் பராமரிக்கிற வேலை எனக்கு. சென்னையில சில வருஷம் இதே ஆணியைப் புடுங்கிட்டு, அம்மாவுக்கு முடியாமப் போனதால ஊரோட வந்துட்டேன். நாலு லேப், ஆபீஸ், லைப்ரரி எல்லாம் சேர்த்து 240 பொட்டி. அதைப் பார்த்துக்க நானும் ஒரு அண்ணாச்சியும், ரெண்டே பேர். அண்ணாச்சி லேப் அசிஸ்டென்ட். கல்லூரி ஆரம்பிச்ச காலத்துலேர்ந்து இருக்கிற ஆளு. பெயர் வேண்டாம்.

கரிசல் காட்டுல கம்ப்யூட்டர் வச்சுப் பராமரிக்கிறது தனிக் கதை மக்களே. மழை பெஞ்சா செருப்புல அப்பின மண்ணு லேப் வாசல் வரைக்கும் கூடவே வரும். கோடையில நிலம் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும். ஆடிக் காத்து கிளம்பிருச்சுன்னா ஜன்னலை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் புழுதி உள்ள வந்துரும். பொட்டிக்குள்ள இருக்கிற காத்தாடியில அது கம்பளி மாதிரி படிஞ்சு, பொட்டி சூடாகி, தானா அணைஞ்சு போகும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை ப்ளோயர் அடிக்கலைன்னா அம்புட்டுதான்.

நான் வந்து சேர்ந்தப்போ எல்லா வேலையும் கையாலதான். அண்ணாச்சி தினமும் காலையில எட்டரைக்கு ஒரு சுத்து வருவாரு. ஒவ்வொரு பொட்டியையும் போடுவாரு, பார்ப்பாரு, நகர்ந்துருவாரு. ஏதாவது மென்பொருள் ஏத்தணும்னா 60 பொட்டி இருக்கிற லேப்ல 60 தடவை உக்காந்து எந்திரிக்கணும். ஒரு பொட்டிக்குப் பத்து நிமிஷம்னு வச்சாலும் 600 நிமிஷம், அதாவது பத்து மணி நேரம். விண்டோஸ் அப்டேட் இன்னும் மோசம். ஒரு அப்டேட் 500 எம்.பி.ன்னு வச்சுக்கோங்க. 60 பொட்டியும் தனித்தனியா இறக்கினா 30 ஜி.பி. எங்க நெட்டு அதுக்குத் தாங்காது. அதனால அப்டேட்டையே நிறுத்தி வச்சிருந்தாங்க.

நிறுத்தி வச்சா என்ன ஆகும்ங்கிறதுக்கு வானாக்ரை உதாரணம். அது நுழைஞ்ச ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்னைக்கே வெளியிட்டுருச்சு. வானாக்ரை கிளம்பினது மே 12. நடுவுல ரெண்டு மாசம் சும்மா கிடந்துச்சு. அந்த ரெண்டு மாசத்துல அப்டேட் போடாதவங்கதான் மாட்டினாங்க, இங்கிலாந்து ஆஸ்பத்திரிகள் உட்பட. போட வேண்டியதைப் போட ஆள் பத்தலைங்கிறது, நூத்துக்கணக்குல பொட்டி வச்சிருக்கிற எல்லாருக்கும் உள்ள பிரச்சினை.

அதனால நான் தானியங்கி வேலையில இறங்கினேன். அப்டேட்டை ஒரே ஒரு சர்வர் மட்டும் இறக்கும், மத்த பொட்டியெல்லாம் அதுகிட்ட இருந்து உள்ளுக்குள்ளேயே வாங்கிக்கும். மைக்ரோசாஃப்ட் 2005-லயே டபிள்யூசஸ்னு இதுக்கு ஒண்ணு கொடுத்திருந்தது. மென்பொருள் ஏத்துறது, தேவையில்லாததைத் தூக்குறது, குப்பைக் கோப்புகளை அழிக்கிறது எல்லாத்துக்கும் பவர்ஷெல் ஸ்கிரிப்ட். காசு இருக்கிற நிறுவனங்கள் இதையெல்லாம் ஒரே திரையில பார்க்கிற மாதிரி மென்பொருள் வாங்கி வச்சுக்குவாங்க. அப்படி ஒண்ணை உலகம் பூராவும் விக்கிற சோஹோ, நம்ம தென்காசி பக்கத்துல மத்தளம்பாறையிலயே ஆபீஸ் போட்டு உக்காந்திருக்கு. எங்க கல்லூரியில ஸ்கிரிப்ட் எழுதுறதுக்கு நான்தான், ஓசியில :-)

ஒரு காமெடியும் நடந்துச்சு. ராத்திரியில பொட்டிகளை நானே வீட்டுல இருந்து எழுப்பி வேலை பார்க்கலாம்னு 'வேக் ஆன் லேன்' போட்டேன். நெட்வொர்க் வழியா ஒரு சின்ன பொட்டலம் அனுப்புறது. அதுல அந்தப் பொட்டியோட விலாசம் 16 தடவை திரும்பத் திரும்ப எழுதியிருக்கும். தூங்குற ஆளை 16 தடவை பேர் சொல்லிக் கூப்பிடுற மாதிரி. அனுப்பினேன். ஒண்ணு கூட எந்திரிக்கலை. மூணு நாள் மண்டையைப் பிச்சுக்கிட்டு, நாலாவது நாள் போய்ப் பார்த்தா வாட்ச்மேன் தாத்தா சாயங்காலம் ஆறு மணிக்கு லேபோட மெயின் சுவிட்சையே இறக்கிட்டுப் போறாரு. முன்னொரு காலத்துல யூபிஎஸ் கருகி நாத்தம் வந்ததாம். அன்னையிலேர்ந்து அவரு அதை வேதவாக்கா கடைப்பிடிக்கிறாரு. அவரு சொல்றதுல நியாயம் இருந்துச்சு. சரின்னு ஸ்கிரிப்டை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாத்திக்கிட்டேன். இந்த மெயின் சுவிட்சை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

ஆறே மாசத்துல எல்லாம் ஜோராயிருச்சு. பத்து மணி நேர வேலை அரை மணியில முடிஞ்சது. பெருமை தாங்காம நிர்வாகத்துக்கு ஒரு ரிப்போர்ட் எழுதினேன். மாசத்துக்கு இத்தனை மணி நேரம் மிச்சம்னு கலர் கலரா வரைபடம் வேற போட்டேன். அண்ணாச்சிகிட்டயும் சொன்னேன்.

"அண்ணாச்சி, இனிமே காலையில நீங்க ஒவ்வொண்ணா சுத்த வேண்டாம். எல்லாம் என் திரையிலயே தெரியும்."

"அப்படியா தம்பி? சரி சரி. காலுக்கும் நல்லதுதான்" என்றார். சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு.

2023 பிப்ரவரியில அவரை பஸ் செக்‌ஷனுக்கு மாத்திட்டாங்க. பஸ் கட்டண ரசீது எழுதுற வேலை. யாரும் என்கிட்ட கேக்கலை. ஆனா நான் எழுதின ரிப்போர்ட்ல இருந்த மணி நேரம் யாரோட மணி நேரம்னு எனக்குத் தெரியாமலா இருந்தது? சம்பளம் குறையலையே, வேலை போகலையேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எங்கம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டை அடுக்கினவங்க. தெரியாதவங்களுக்காக: குச்சிகளை ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம சட்டத்துல வரிசையா அடுக்கணும், அப்பதான் மொத்தமா மெழுகுலயும் மருந்துலயும் முக்க முடியும். எத்தனை கட்டையோ அத்தனைக்குத்தான் கூலி. அம்மா பேசிக்கிட்டே அடுக்குவாங்க, கை தனியா ஓடும். அப்புறம் மிஷின் வந்துச்சு. அம்மாவைப் பெட்டி கட்டுற பக்கம் அனுப்பிட்டாங்க. நான் அப்போ பிளஸ் டூ. மிஷின் எப்படிம்மா இருக்குன்னு கேட்டேன். "நல்லாத்தான்யா அடுக்குது. நம்ம பத்துப் பேரு அடுக்குறதை அது ஒண்ணே அடுக்குது. என்ன, ஒடிஞ்ச குச்சியையும் சேத்து அடுக்குது. கைன்னா தள்ளிரும்லா" என்றார்கள். ஏதோ பொருமல்னு நினைச்சேன்.

விஷயத்துக்கு வர்றேன். மார்ச் கடைசி. லேப் பொட்டிகள்ல டி டிரைவ் நிரம்பி வழிஞ்சது. பழைய பசங்க விட்டுட்டுப் போன சினிமா, பாட்டு, என்னென்னமோ. 60 நாளுக்கு மேல தொடாத கோப்பை எல்லாம் அழிக்கிற ஸ்கிரிப்ட் எழுதினேன். பத்து நாள் முன்னாடியே நோட்டீஸ் ஒட்டினேன். என் பொட்டியில சோதனை பண்ணினேன், சரியா வந்துச்சு. ஒரு வியாழக்கிழமை மதியம் மொத்த லேபுக்கும் ஓட விட்டேன். சாப்பிட்டு வந்து பார்த்தா அறிக்கை ரெடி. 60 பொட்டி முடிஞ்சது, பிழை 0. ஒரு டீ போட்டுக் கொண்டாடினேன்.

மூணு மணிக்கு ஒரு பொண்ணு வந்து நின்னுச்சு. கடைசி வருஷம். விளாத்திகுளம் பக்கத்துல ஒரு கிராமம்.

"சார், பதினேழாம் நம்பர்ல என் ப்ராஜெக்ட்டைக் காணோம் சார்."

"60 நாளா தொடாததுதானே போகும்? நோட்டீஸ் பார்க்கலையா?"

"பார்த்தேன் சார். நான் நேத்துகூட அதுல வேலை பார்த்தேன் சார்."

நான் நம்பலை. எழுந்து போய்ப் பார்த்தேன். ஃபோல்டரே இல்லை. அந்தப் பொண்ணு அழலை. கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னுச்சு. திங்கக்கிழமை சமர்ப்பிக்கணும்.

என்ன செய்யறதுன்னு தெரியாம பஸ் செக்‌ஷனுக்குப் போன் போட்டேன். அண்ணாச்சி எடுத்தவுடனே கேட்டார்.

"பதினேழா தம்பி? அதுல தேதி நிக்காதுல்லா?"

எனக்கு ஒண்ணும் புரியலை. அப்புறம் அவரே வந்து பொறுமையா சொன்னார். அந்தப் பொட்டியில மதர்போர்டு பேட்டரி தீர்ந்து போச்சு. அஞ்சு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சூண்டு தாட்டியா ஒரு வட்டப் பேட்டரி இருக்குமே, அது. பொட்டி அணைஞ்சிருக்கும்போதும் கடிகாரம் ஓடுறது அதுனாலதான். பிளக்குல கரண்ட் இருந்தா கடிகாரம் அதையே எடுத்துக்கும், பேட்டரி ரொம்ப நாள் வரும். எங்க லேப்ல தாத்தா தினமும் மெயினை இறக்குறார். அதனால ராத்திரி பூரா கடிகாரம் பேட்டரியைத்தான் உறிஞ்சும். பழைய பொட்டிகள்ல பேட்டரி சீக்கிரமா செத்துப் போகும். காலையில போட்டா தேதி 2009 ஜனவரி 1. வெளியே 2023, அந்தப் பொட்டிக்கு உள்ளே மட்டும் தினமும் 2009 புத்தாண்டு. விண்டோஸ் தானா நேரத்தைச் சரி பண்ணிக்கும்தான். ஆனா எங்க லேப் மாதிரி தனித்தனியா நிக்கிற பொட்டியில இடைவெளி ரொம்ப அதிகமா இருந்தா அது தொடாம விட்டுரும்.

அண்ணாச்சி தினமும் காலைச் சுத்துல அந்தத் தேதியைக் கையால மாத்தி விட்டுக்கிட்டு இருந்திருக்கிறார். பேட்டரி வாங்கித் தாங்கன்னு ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தும் வரலையாம். அவரை பஸ்ஸுக்கு மாத்தினதும் தேதி மாத்த ஆள் இல்லை. தேதி தப்பா இருந்தா பாதி வெப்சைட் சான்றிதழ் பிழைன்னு திறக்காது. "பதினேழுல நெட் வராது"ன்னு பசங்க யாரும் அதுல உக்கார மாட்டாங்க. யாரும் எழுப்பி விடாத பொட்டிங்கிறதாலயே இந்தப் பொண்ணு அதுல உக்காந்து வேலை பார்த்திருக்கு. வீட்டுல கம்ப்யூட்டர் கிடையாது.

என் ஸ்கிரிப்ட் என்ன பண்ணுச்சு? 'இன்னைக்கு' எதுன்னு என் சர்வர்ல கேட்டுச்சு. கோப்போட தேதியை அந்தப் பொட்டியில கேட்டுச்சு. 2009-ல தொட்ட கோப்பு, 14 வருஷப் பழசு, அழி. சொன்னதை அச்சுப் பிசகாம செஞ்சிருக்கு. பிழை 0 தானே.

"ஒரு பென் டிரைவ்ல போட்டு வச்சிருக்கலாமேம்மா" என்று கேட்க வாயெடுத்தேன். பென் டிரைவ் வேலை செய்யாதபடி லேப் முழுக்கப் பூட்டினதும் நான்தான், வைரஸ் வருதுன்னு. மெயில்ல அனுப்பியிருக்கலாமேன்னா, அதுலதான் நெட் வராதே. ஒவ்வொரு கதவையும் ஒவ்வொரு நல்ல காரணத்துக்காக நானே சாத்தி வச்சிருக்கேன்.

உடனே அந்தப் பொட்டியை அணைச்சோம். அழிஞ்ச கோப்பு ஹார்ட் டிஸ்க்ல உடனே போயிறாது. இடம் காலின்னு குறிச்சு வச்சிருக்கும், அவ்வளவுதான். மேல வேற எதையும் எழுதாத வரைக்கும் மீட்க வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டியா இருந்திருந்தா பெரும்பாலும் சங்குதான். பழைய ஹார்ட் டிஸ்க்குங்கிறதால தப்பிச்சோம். கழட்டி என் பொட்டியில மாட்டி ஃபோட்டோரெக் ஓட விட்டேன். அது மீட்டுத் தரும், ஆனா கோப்போட பேரைத் தராது. எண் போட்ட ஆயிரக்கணக்கான கோப்புகள் வந்து கொட்டுச்சு.

பொண்ணோட அப்பா கடைசி பஸ்ஸை விட்டுட்டு லேப் வாசல்ல உக்காந்திருந்தார். தீப்பெட்டி ஆபீஸ்ல லோடு ஏத்துறவராம். "என்ன சார், கிடைச்சிருமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அப்புறம் கேக்கவே இல்லை. கேட்டுக்கிட்டே இருந்திருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

ஆயிரக்கணக்கான கோப்புகளைக் கையால திறந்து பார்த்தா ரெண்டு நாள் ஆகும். மறுபடி ஸ்கிரிப்ட்தான் எழுதினேன். ஒவ்வொரு கோப்பையும் திறந்து அந்தப் பொண்ணோட பதிவு எண் இருக்கான்னு தேடுறது. எழுதும்போது கை நடுங்குச்சு. பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சுக் கொடுத்துச்சு. ரிப்போர்ட் முழுசா கிடைச்சது. நிரல் கோப்புகள்ல முக்காவாசி. மிச்சத்தை அந்தப் பொண்ணு ஞாபகத்துல இருந்து வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாளும் என் ரூம்ல உக்காந்து திரும்ப எழுதுச்சு. என்ன ப்ராஜெக்ட்டுன்னு அப்பத்தான் பார்த்தேன். தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டைக் கணக்குக்குக் கூலி போடுற மென்பொருள். அவங்க அம்மாவுக்குக் கணக்குல அடிக்கடி இடிக்குதாம், அதனால செஞ்சதாம். நான் ஒண்ணும் பேசலை.

திங்கக்கிழமை சமர்ப்பிச்சிருச்சு. அன்னைக்கே நான் முதல்வரைப் பார்த்து நடந்ததை மறைக்காம சொல்லிட்டேன். என் பழைய ரிப்போர்ட்ல ஒரு வரி விட்டுப் போச்சுன்னும் சொன்னேன். அண்ணாச்சியோட காலைச் சுத்து வேலையில்லை, சோதனை. அதை நான் மிச்சக் கணக்குல எழுதிட்டேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். முடிவுல வாரத்துல ரெண்டு நாள் லேப், மூணு நாள் பஸ்ஸுன்னு அண்ணாச்சி திரும்ப வந்தார். முழுசா மீட்க முடியலை, ஃபோட்டோரெக் மாதிரிதான்.

அடுத்த வருஷம் 2024 ஜூலை 19 அன்னைக்கு கிரவுட்ஸ்டிரைக் விவகாரம் நடந்தப்போ எங்க ரெண்டு பேருக்கும் அது பழைய கதை மாதிரி இருந்துச்சு. பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பின ஒரு பழுதான கோப்பு. 78 நிமிஷத்துல தப்பு தெரிஞ்சு திரும்ப வாங்கிட்டாங்க. அதுக்குள்ள உலகம் பூரா சுமார் 85 லட்சம் விண்டோஸ் பொட்டி நீலத் திரையோட நின்னு போச்சு. நம்ம ஊரு ஏர்போர்ட்ல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் கொடுத்தாங்க. விஷயம் என்னன்னா, பரப்புறதுக்குத் தானியங்கி இருந்தது, சரி பண்றதுக்கு இல்லை. பொட்டி எழுந்தாத்தானே கட்டளை அனுப்ப முடியும்? பெரும்பாலான இடத்துல ஒவ்வொரு பொட்டியா ஆள் போய் சேஃப் மோட்ல திறந்து அந்தக் கோப்பை அழிச்சாங்க. பேப்பரைப் படிச்சுட்டு அண்ணாச்சி சொன்னார், "எல்லாருக்கும் ஒரு பதினேழு உண்டு போல தம்பி."

தானியங்கி வேண்டாம்னு நான் சொல்ல வரலை. அது இல்லாம 240 பொட்டியை ரெண்டு பேர் மேய்க்க முடியாது. இப்போ எப்படிச் செய்றோம்னு சொல்லிடறேன், யாருக்காவது உதவும்.

1. எதையும் நேரா அழிக்கிறதில்லை. தனி ஃபோல்டருக்கு நகர்த்தி, ஒரு செமஸ்டர் வச்சிருந்துட்டுத்தான் அழிக்கிறது.

2. முதல்ல 'செய்யாதே, என்ன செய்வேன்னு மட்டும் சொல்லு' என்று ஓட்டணும். பவர்ஷெல்ல அதுக்கு 'வாட்இஃப்'னு வசதியே இருக்கு. வர்ற பட்டியலைக் கண்ணால படிக்கணும். '2009' அன்னைக்கே என் கண்ணுல பட்டிருக்கும்.

3. ஒரு பொட்டி, அப்புறம் ஒரு வரிசை, அப்புறம் ஒரு லேப். ஒரே மூச்சுல மொத்தமும் கிடையாது. சோதனைக்கு நல்ல பொட்டியை எடுக்காம, இருக்கிறதுலயே நோஞ்சானை எடுக்கணும்.

4. பிழை எத்தனைன்னு மட்டும் கேக்காம, விசித்திரம் எத்தனைன்னும் ஸ்கிரிப்ட் சொல்லணும். கடிகாரம் அஞ்சு நிமிஷத்துக்கு மேல தள்ளியிருந்தா அந்தப் பொட்டியைத் தொடாம எனக்குத் தகவல் சொல்லு, அப்படின்னு.

5. அண்ணாச்சி நோட்டு. நாப்பது பக்க நோட்டுல ஒவ்வொரு பொட்டிக்கும் அரைப்பக்கம். "32 - மழைக்காலத்துல மவுஸ் திக்கும். 41 - ஃபேன் சத்தம், துடைச்சா போதும். 8 - போட்டு ரெண்டு நிமிஷம் விடணும்." அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினது.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட ஆதரவு முடிஞ்சிருச்சு. எங்க பழைய பொட்டிகள் 11-க்குத் தாங்காது. லினக்ஸுக்கு மாத்திக்கிட்டு இருக்கோம். அதுக்கும் ஸ்கிரிப்ட் ரெடி. ஓட்டுறதுக்கு முன்னாடி நோட்டை எடுத்துக்கிட்டு அண்ணாச்சியோட ஒரு சுத்து வந்துருவேன். அவருக்கு இன்னும் ஒண்ணரை வருஷம்தான் சர்வீஸ் இருக்கு. நோட்டுல பாதிப் பக்கம் இன்னும் காலி.

பதினேழுக்குப் பேட்டரி போட்டாச்சு. நானே வாங்கிட்டேன், ரெண்டு டீக்காசுக்கு மேல ஆகலை.

டிஸ்கி: அந்தப் பொண்ணு இப்போ கோயம்புத்தூர்ல வேலையில இருக்கு. போன பொங்கலுக்கு வந்தப்போ அண்ணாச்சிக்கும் எனக்கும் ஆளுக்கொரு பாக்கெட் கடலை மிட்டாய் வாங்கிட்டு வந்துச்சு. கோவில்பட்டிக்காரனுக்கே கடலை மிட்டாயான்னு அண்ணாச்சி கேலி பண்ணினார். "உங்க சார் கோப்பைத்தான் அழிச்சார், மிட்டாயை அழிக்க மாட்டார், தைரியமா கொடும்மா" என்று வேற சொன்னார். இந்த மனுஷன் ஒண்ணையும் மறக்க மாட்டார் போல :-)